ஒரு பக்கக் கழுத்து வலி: 'நரம்பு பிடித்துக்கொண்டது' என்றால் என்ன?

காலையில் கண் விழிக்கும்போது தலையை வலப்பக்கம் திருப்ப முடிகிறது. இடப்பக்கம் திருப்பினாலோ காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை சுரீரென்று வலிக்கிறது. யாராவது அழைத்தால் தலையை மட்டும் திருப்ப இயலாமல் உடலையே சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: நரம்பு பிடித்துக்கொண்டது, வாயு ஏறிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது. முதல் காரணம் பெரும்பாலான நேரங்களில் தவறு. இரண்டாவதற்கு உடற்கூற்றியலில் இடமே இல்லை. வயிற்றில் உருவாகும் வாயு கழுத்துத் தசைக்குள் வந்து சேர வழி கிடையாது. மூன்றாவது பாதி உண்மை என்பதாலேயே மற்ற இரண்டையும்விட அதிகக் குழப்பத்தை உண்டாக்குகிறது.

குழப்பத்தின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. புறங்கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயைப் பேச்சுவழக்கில் நரம்பு என்கிறோம். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் கைக்குத் தட்டுப்படும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். யாழின் தந்திக்கும் பழந்தமிழில் நரம்பு என்றுதான் பெயர். ஆக, இழுத்துக் கட்டிய எதுவும் நமக்கு நரம்புதான். மருத்துவத்தில் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே: மூளைக்கும் உடலுறுப்புகளுக்கும் இடையே செய்திகளை மின்குறிகளாகக் கடத்தும் இழைக்கட்டு. இரவில் இறுகிப்போய் காலையில் திரும்ப மறுப்பது பெரும்பாலும் தசையே தவிர, இந்த இழைக்கட்டு அல்ல. இக்கட்டுரையில் நரம்பு என்ற சொல் மருத்துவப் பொருளில் மட்டுமே வருகிறது.

கம்பமும் கயிறுகளும்

ஒரு கூடாரத்தின் நடுக்கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் அது நேராக நிற்கிறது. ஒரு பக்கத்துக் கயிறு அளவுக்கு மீறி இறுகினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்துக் கயிறோ இழுபட்டுத் தவிக்கும்.

கழுத்தும் ஏறத்தாழ இப்படிப்பட்ட அமைப்புதான். சுமார் நான்கரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள தலையை ஏழு சிறிய எலும்புகளின் அடுக்கு தாங்குகிறது. இந்த எலும்புகளுக்கு முள்ளெலும்பு என்று பெயர். தலையை ஆட்டவும் திருப்பவும் வசதியாக அமைந்த முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தவிர, மற்றவற்றுக்கு இடையே முன்பக்கத்தில் மெத்தைபோல் ஒரு வட்டு இருக்கிறது; 'டிஸ்க்' என்று நாம் கேள்விப்படுவது இதுதான். வட்டின் வெளிவளையம் நார்களால் ஆனது, உட்பகுதி கூழ்போன்றது. பின்பக்கத்தில் வலமும் இடமுமாக இரண்டு சிறு மூட்டுகள் ஒரு முள்ளெலும்பை அடுத்ததோடு இணைக்கின்றன. ஃபாசெட் மூட்டு எனப்படும் இவை விரல் மூட்டைப்போலவே குருத்தெலும்பும், மசகுத் திரவமும், சுற்றி ஓர் உறையும் கொண்டவை. எலும்புகளுக்கு நடுவே செல்லும் தண்டுவடத்திலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக எட்டு இணை நரம்புகள் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளியேறுகின்றன. துளைக்குள் இருக்கும் தொடக்கப் பகுதியை நரம்பு வேர் என்பார்கள். இவை எல்லாவற்றையும் சூழ்ந்து கூடாரக் கயிறுகள்போல் தசைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எலும்பும் வட்டும் நடுவில் ஒற்றையாக இருக்கின்றன. தசை, மூட்டு, நரம்பு வேர் ஆகிய மூன்றும் இடம், வலம் என்று இணையாக இருக்கின்றன. வலி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்றால், இணையாக உள்ளவற்றுள் ஏதோ ஒன்று அந்தப் பக்கத்தில் தொல்லைப்பட்டிருக்க வேண்டும், அல்லது நடுவில் உள்ள வட்டு அந்தப் பக்கமாகப் பிதுங்கி அங்குள்ள நரம்பு வேரைத் தொட்டிருக்க வேண்டும். 'ஒரு பக்கம்' என்பதே நோயைப் பற்றிய முதல் தடயம்.

தசை: பெரும்பாலானோரின் வலிக்குக் காரணம்

ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கித் தூக்கி இறக்குவதைவிட, அதே வாளியைத் தூக்கியபடி அசையாமல் நிற்பது விரைவில் களைப்பைத் தரும். அசையும்போது தசை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு விரிவிலும் புதிய இரத்தம் உள்ளே வருகிறது. அசையாமல் சுருங்கியே இருக்கும் தசையில் இரத்த நாளங்கள் அழுந்தி, கழிவுப் பொருள்கள் தேங்கி, அங்குள்ள வலியுணர் முனைகளைத் தூண்டுகின்றன. கழுத்துக்கு வேலை தருவது பெரும்பாலும் இரண்டாவது வகைப் பளு. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு பேசுவது, ஒரு பக்கமாக வைத்த கணினித் திரையை நாள் முழுவதும் பார்ப்பது, கனத்த பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுவது, குப்புறப் படுத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பியபடி பல மணி நேரம் உறங்குவது ஆகிய எல்லாவற்றிலும் ஒரு பக்கத்துத் தசை நெடுநேரம் சுருங்கியோ இழுபட்டோ இருக்கிறது.

குறிப்பாக ஒரு தசையைத் தெரிந்துகொள்வது பயன்தரும். கழுத்தின் மேல் நான்கு முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்முனையில் போய் முடியும் தசை அது. பெயர் லிவேட்டர் ஸ்காபுலே. 'கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், விரலால் அழுத்தினால் உயிர் போகிறது' என்று பலர் சுட்டிக்காட்டும் இடம் பெரும்பாலும் இதன் கீழ்முனையே. வலிக்கும் பக்கமாகத் தலையைத் திருப்ப முடியாமல் போவதற்கும் இது அடிக்கடி காரணமாகிறது.

அப்படியானால் தசை ஏன் பூட்டு போட்டதுபோல் இறுகிவிடுகிறது? ஏதோ சத்தம் கேட்டவுடன், என்னவென்று விசாரிக்காமலேயே எல்லாக் கதவுகளையும் தாழிட்டுவிடும் காவலாளியைப்போல் நடந்துகொள்கிறது தண்டுவடம். தசையிலோ அருகிலுள்ள மூட்டிலோ சிறு உறுத்தல் எழுந்தால், அந்தப் பகுதி அசையாதிருக்கும்படி சுற்றியுள்ள தசைகளை இறுக்கச் சொல்கிறது. இதற்குக் காப்பு இறுக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இறுகிய தசைக்கு இரத்தம் குறைகிறது, அதனால் வலி கூடுகிறது, வலி கூடுவதால் இறுக்கம் மேலும் கூடுகிறது. முதலில் உறுத்திய காரணம் அற்பமானதாக இருந்தாலும், இந்தச் சுழற்சியால் வலி பெரிதாகிவிடும். சுளுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். தூங்கி எழும்போது வரும் இந்த வகை வலி பெரும்பாலோருக்குச் சில நாள்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு சிறு விலகல். தலையை 60 பாகை முன்குனிந்து கைபேசியைப் பார்த்தால் கழுத்தின்மீது 27 கிலோ எடை ஏறுகிறது என்ற செய்தியை நீங்கள் படித்திருக்கக்கூடும். 2014-இல் வெளியான ஒரு கட்டுரையில் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிடப்பட்ட எண் அது. உயிருள்ள மனிதரின் கழுத்தில் அளந்ததல்ல. குனிந்தால் பளு கூடும் என்பது உண்மை. ஆனால் பளு கூடினாலே கழுத்து கெட்டுவிடும் என்று அந்த எண் நிறுவவில்லை. தீங்கு செய்வது குனிவதைவிட, எந்த நிலையிலும் அசையாமல் நெடுநேரம் இருப்பதுதான் என்பது என் கருத்து.

மூட்டும் இடம்மாறிய வலியும்

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல்கள். இரண்டுக்கும் உள்ளே ஒரே அழைப்பு மணி. மணி ஒலித்தால் உள்ளே இருப்பவருக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும், எந்த வாசலில் என்று தெரியாது. வழக்கமாக ஆள் வரும் வாசலைத்தான் அவர் போய்த் திறந்து பார்ப்பார். தண்டுவடத்திலும் இதுபோன்ற நிலை உண்டு. ஃபாசெட் மூட்டிலிருந்து வரும் வலிக்குறியும் தோள்பட்டையின் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் குறியும் ஒரே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. மூளை, தான் அதிகம் பழகிய இடத்திலிருந்து குறி வந்ததாக எடுத்துக்கொள்கிறது. எனவே மூட்டில் பிறந்த வலி தோள்பட்டையில் உணரப்படுகிறது. இதுவே இடம்மாறிய வலி.

மேல் கழுத்து மூட்டுகளில் தொல்லை என்றால் வலி பின்மண்டைக்கு ஏறும். சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணுக்குப் பின்னால்வரை வரும். முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் மேல் கழுத்து நரம்புகளும் தண்டுவடத்தின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் கூடுவதே இதற்குக் காரணம். ஒற்றைத் தலைவலி என்று நெடுங்காலம் மருந்து சாப்பிட்ட சிலருக்குப் பின்னர் கழுத்துதான் மூலம் என்று தெரியவருவது இதனால்தான். கீழ் மூட்டுகளின் வலி தோள்பட்டை எலும்பின் விளிம்பை ஒட்டி இறங்கும். எப்படியிருந்தாலும் தண்டுவடத்தின் இட, வலப் பகுதிகள் தத்தம் பக்கத்துக் குறிகளை முதலில் பெறுவதால், கழுத்தில் பிறந்த வலி பெரும்பாலும் அதே பக்கத்திலேயே உணரப்படும்.

இதே விதி எதிர்த்திசையிலும் செயல்படுகிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே ஈரலோ பித்தப்பையோ உதரவிதானத்தை உறுத்தினால் வலது தோள்முனை வலிக்கலாம். மாரடைப்பின் வலி கழுத்திலும் தாடையிலும் இடக்கையிலும் தோன்றலாம். வலிக்கும் இடத்தையே நோயின் இடமாகக் கருதிவிடக் கூடாது.

உண்மையிலேயே நரம்பு நசுங்கினால்

வட்டின் கூழ்ப்பகுதி வெளிவளையத்தைத் துளைத்துப் பக்கவாட்டில் பிதுங்கினாலோ, வயதோடு எலும்பு விளிம்புகள் வளர்ந்து பக்கத்துளை குறுகினாலோ, நரம்பு வேர் அழுந்துகிறது. அழுத்தத்தோடு, பிதுங்கிய கூழ் தூண்டும் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. அழற்சி என்பது திசு சிவந்து வீங்கிச் சூடாகும் உடலின் எதிர்வினை. இந்த நிலையில் வலியின் தன்மையே மாறிவிடும். கழுத்தைவிடக் கையில் வலி அதிகம் இருக்கும். அது மின்சாரம் பாய்வதுபோலவோ நெருப்பு ஓடுவதுபோலவோ இறங்கும். மரத்துப்போதலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் விரல்வரை போகும்.

எந்த விரல் என்பது எந்த வேர் என்பதைப் பெருமளவு சொல்லிவிடும். ஆறாவது கழுத்து நரம்பு என்றால் கட்டைவிரல் பக்கம், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல். மிகுதியாகப் பாதிக்கப்படுவது ஏழாவது வேர். அப்போது முழங்கையை நீட்டும் தசை வலுவிழக்கலாம். தலையைப் பின்னுக்குச் சாய்த்து வலிக்கும் பக்கம் திருப்பினால் துளை மேலும் குறுகுவதால் கைவலி கூடும். மாறாக, அந்தக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வேரின் இழுவிசை தளர்ந்து பலருக்கு வலி குறையும். யாரும் சொல்லித்தராமலே கையைத் தலையில் வைத்தபடி மருத்துவரின் அறைக்குள் நுழைபவரைப் பார்த்தவுடனேயே நோய் பாதி பிடிபட்டுவிடும்.

சுருக்கமாக: கழுத்திலும் தோளிலும் நிற்கும் மந்தமான, இழுத்துப் பிடிக்கும் வலி தசையையோ மூட்டையோ காட்டுகிறது. முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கும் வலியும் மரத்துப்போதலும் நரம்பு வேரைக் காட்டுகின்றன.

'தேய்மானம்' என்ற சொல் தரும் அச்சம்

ஸ்கேன் அறிக்கையில் ஸ்பாண்டிலோசிஸ் என்று எழுதியிருந்தால் பலர் அதை ஸ்பாண்டிலைடிஸ் என்றே வாசித்துவிடுகிறார்கள். முதலாவது வயதோடு வட்டும் மூட்டும் வறண்டு மாறுவதைக் குறிக்கும்; தேய்மானம் என்று சொல்லப்படுவது இதுதான். இரண்டாவது முள்ளெலும்பில் அழற்சி உண்டாக்கும் நோய்களைக் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல.

ஸ்பாண்டிலோசிஸ் இருப்பதாலேயே வலி வருகிறதா? கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகூரத்தக்கது. அவர்களில் 87.6 சதவீதத்தினருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. நரைமுடியைப்போல் வரும் மாற்றத்தை வலிக்கான காரணம் என்று காட்டுவதில் எச்சரிக்கை தேவை. இதனால்தான், அபாய அறிகுறி எதுவும் இல்லாத புதிய கழுத்து வலிக்கு மருத்துவர் உடனே ஸ்கேன் எழுதித் தருவதில்லை. அது அலட்சியம் அல்ல. கை வலுவிழக்கும்போதும், பல வாரங்கள் கடந்தும் வலி குறையாதபோதும், கீழே சொல்லப்படும் அறிகுறிகள் தென்படும்போதும் படம் எடுப்பது அவசியமாகிறது.

காத்திருக்கக் கூடாத வலி

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஓடுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் திடீரென்று, இதுவரை அறியாத வகையில், ஒரு பக்கக் கழுத்திலும் தலையிலும் வலி தோன்றும். விபத்துக்குப் பிறகும் வரலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பியதற்குப் பிறகும் வரலாம். அதோடு ஒரு பக்க இமை தொங்குவது, அந்தக் கண்ணின் பாவை சிறுப்பது, பேச்சு குழறுவது, முகமோ கையோ மரத்துப்போவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வரும் கழுத்து வலியும், கடும் காய்ச்சலோடு தலையைக் குனிந்து தாடையை நெஞ்சில் வைக்க முடியாத விறைப்பும், விழுந்த பின்போ விபத்துக்குப் பின்போ தொடங்கிய வலியும் அதே அவசரத்துக்குரியவை. சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவது, கால்கள் பின்னுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவை தண்டுவடமே அழுந்துவதைக் காட்டக்கூடும். அந்த நிலையில் வலி குறைவாகவே இருக்கலாம் என்பதால் ஏமாந்துவிடுவது எளிது.

அவசரமில்லை என்றாலும் காட்டியே ஆக வேண்டியவையும் உண்டு: மூன்று வாரங்களுக்கு மேல் கரையாத கட்டி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாகத் தோன்றிய வலி, படுத்தாலும் ஓயாத இரவு வலி. தொண்டைத் தொற்றின்போது தாடைக்கடியில் நெறிகட்டி வலிப்பது பொதுவாகத் தொற்று ஆறும்போது அடங்கும். தோலில் எரிச்சலாகத் தொடங்கிச் சில நாள்களில் அதே பக்கத்தில் கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. அதற்குரிய மாத்திரையை விரைவில் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

சிகிச்சை: முதல் சில நாள்கள்

காவலாளி தாழிட்ட கதவுகளை உடைத்துத் திறக்க வேண்டியதில்லை. ஆபத்து இல்லை என்று அவனுக்கு உணர்த்தினால் போதும். தசை, மூட்டு வலிக்கான முதல்நாள் சிகிச்சையின் உட்பொருள் இதுவே. வலி பொறுக்கும் எல்லைக்குள் தலையை மெதுவாக இருபுறமும் திருப்புவது, தோள்களை உயர்த்தித் தளர்த்துவது ஆகியவற்றை மணிக்கொரு முறை சில தடவைகள் செய்யலாம். முழு ஓய்வும் கழுத்துப் பட்டையும் தசையை மேலும் விறைக்கச் செய்வதால், மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னால் தவிர பட்டை அணிய வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் கொடுத்தால் இறுக்கம் தளரும். சிலருக்குக் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும். எது சுகமோ அதுவே சரி.

வலி அசையவிடாமல் தடுத்தால் பாராசிட்டமாலோ, டைக்லோஃபெனாக் போன்ற அழற்சி குறைக்கும் களிம்போ உதவும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. தசை தளர்த்தும் மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை என்பதால் அவற்றைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.

கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடக்கெடுப்பதைப் பலர் சிகிச்சையாகவே நம்புகிறார்கள். அந்த ஓசை மூட்டின் திரவத்தில் வாயுக்குமிழி உருவாவதால் எழுவது. விலகிய எலும்பு இடத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் அல்ல. தற்காலிகச் சுகம் கிடைக்கலாம். ஆனால் பயிற்சியற்ற ஒருவர் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது, மேலே சொன்ன தமனிச் சுவருக்கு ஆபத்து நேரக்கூடும். சில நாள்களில் தானே அடங்கப்போகும் வலிக்கு அந்தத் துணிச்சல் தேவையற்றது.

வாரங்கள் கடந்த பிறகு

வலி ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் அல்லது அடிக்கடி திரும்பி வந்தால், ஒத்தடத்தைவிடப் பயிற்சியே பயன்தரும். கழுத்தின் முன்பக்க ஆழத்தில் உள்ள சிறு தசைகள் நீண்டகால வலியில் வலுவிழக்கின்றன. அவற்றின் வேலையையும் மேலோட்டமான பெருந்தசைகள் சுமந்து களைக்கின்றன. நேராக அமர்ந்து, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துவது இந்த ஆழ்தசைகளுக்கான எளிய பயிற்சி. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கும் பயிற்சியையும் இதோடு சேர்ப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் கற்று, வலி குறைந்த பின்னும் சில வாரங்கள் தொடர்வது நல்லது. நான்கு நாள் செய்துவிட்டு 'பயனில்லை' என்று விட்டவர்களே இதில் அதிகம்.

நரம்பு வேர் அழுந்தியவர்களிலும் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறுகிறார்கள். பிதுங்கிய கூழை உடலே படிப்படியாகக் கரைத்துவிடுவது உண்டு. அதுவரை நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்துகளும், தேர்ந்தெடுத்த சிலருக்கு வேரின் அருகே செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியும் உதவுகின்றன. கையின் வலு தொடர்ந்து குறைந்துவந்தாலோ, தண்டுவடம் அழுந்தினாலோ, மாதங்கள் ஆகியும் தாங்க முடியாத வலி நீடித்தாலோ அறுவை சிகிச்சை பேசப்படும்.

தலையணையைப் பற்றி அதிகம் கேட்கப்படுவதால் ஒரு சொல். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரமும், மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்ந்த உயரமும் போதும். குப்புறப் படுப்பவருக்கு எந்தத் தலையணையும் பொருந்தாது.

மருத்துவரிடம் போகும்போது 'கழுத்தில் நரம்பு பிடித்துக்கொண்டது' என்று சொல்வதற்குப் பதிலாக, வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது, முழங்கையைத் தாண்டுகிறதா, தாண்டினால் எந்த விரலில் முடிகிறது, கையில் எடுத்த பொருள் நழுவுகிறதா என்பவற்றைச் சொல்லுங்கள். எந்தத் தசை, எந்த மூட்டு, எந்த வேர் என்பதை அவர் தேட வேண்டிய இடம் இந்த ஐந்து விடைகளிலேயே பெருமளவு சுருங்கிவிடும்.